நிக்கலாய் ஸ்லியுன்கோவ்: செர்னோபிலுக்கு அப்புறமும் ஏறுமுகமாகப் போன பதவி வாழ்க்கை (விவாத இழை)

வைகைக்கரை எழுதியது:

செர்னோபில் என்றதும் பேச்சு உக்ரைனோடு நின்றுவிடுகிறது. 1986 ஏப்ரல் 26-இல் அணு உலை வெடித்தது அங்கேதான். ஆனால் முதல் சில நாட்கள் காற்று பெரும்பாலும் வடக்கும் வடமேற்குமாக அடித்தது. ஏப்ரல் 28, 29 தேதிகளில் பெலாரஸின் கோமெல், மகிலியோவ் பக்கம் மழையும் பெய்து, மேலே போன கதிரியக்கத் தூசியைத் தரைக்கு இறக்கிவிட்டது. பெலாரஸ் நிலப்பரப்பில் 23 சதவீதத்தில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் படிந்தது. சோவியத் ஒன்றியத்தின் வேறு எந்தக் குடியரசுக்கும் தன் பரப்பில் இவ்வளவு பெரிய பங்கு பாழாகவில்லை.

அப்போது அந்தக் குடியரசில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் நிக்கலாய் ஸ்லியுன்கோவ். பிறந்தது 1929 ஏப்ரல் 26. அதாவது உலை வெடித்த நாள் அவருடைய 57-ஆவது பிறந்த நாள். சொந்த ஊர் கோமெல் மாகாணத்து ரகச்சோவ் மாவட்டம். அதிகமாக அடிபட்டதும் அதே மாகாணம்தான்.

இவ்வளவு பெரிய சேதத்துக்கு அப்புறம் அவர் பதவி என்ன ஆனது? 1987 ஜனவரியில் மாஸ்கோவில் மத்தியக் குழுச் செயலாளர் ஆனார். அதே ஆண்டு ஜூன் 26-இல், கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் முழு உறுப்பினர். வெடிப்பு நடந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லியுன்கோவ் திறமைசாலி, உழைப்பாளி, ஊழல் பெயர் எடுக்காதவர். அவர் ஏறி வந்த ஒவ்வொரு படியும் மேலே இருப்பவர்களுக்குச் சரியாகக் கணக்குக் காட்டியதால் கிடைத்தது. கீழே இருந்த ஒரு கோடி மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது அதற்கான பழக்கமும் அவரிடம் இல்லை, அமைப்பில் அதற்கான வழியும் இல்லை. எனக்கு இந்த மனிதரின் கதை முக்கியமாகப் படுவது அதனால்தான்.

சுருக்கமாக அவர் வந்த பாதை. மின்ஸ்கில் வாகனத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்துவிட்டு 1950-இல் மின்ஸ்க் டிராக்டர் ஆலையில் சேர்ந்தார். பட்டறைத் தளத்தில் ஃபோர்மேனாக இருந்து, ஆலைத் தொழிற்சங்கக் குழுவின் தலைவர் வரை பத்து ஆண்டு அங்கேயே. 1960-இல் உதிரிபாக ஆலை ஒன்றுக்கு இயக்குநர். வேலை பார்த்துக்கொண்டே 1962-இல் வேளாண் இயந்திரமயக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1965-இல் பழைய டிராக்டர் ஆலைக்கே இயக்குநராகத் திரும்பினார். 1972-இல் மின்ஸ்க் நகரக் கட்சியின் முதல் செயலாளர், 1974-இல் மாஸ்கோவில் ஒன்றியத் திட்டக்குழுவான கோஸ்பிளானின் துணைத் தலைவர். அங்கே ஒன்பது ஆண்டு. 1983 ஜனவரியில் பெலாரஸ் தலைவர் டீகன் கிசெலியோவ் இறந்ததும் அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டார்.

சோவியத் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் பேசலாம்.

---

கேள்விக்குறி எழுதியது:

நல்ல இழை. ஒரு அடிப்படைச் சந்தேகம். முதல் செயலாளர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரியா? பெலாரஸுக்குத் தனியாக அமைச்சரவையும் இருந்ததே? "அனுப்பப்பட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்தல் நடக்காதா?

---

நூலகப்பூனை எழுதியது:

கேள்விக்குறி, அமைச்சரவை இருந்தது. அதற்குத் தலைவரும் இருந்தார், 1986-இல் அவர் மிகயீல் கவல்யோவ். ஆனால் உண்மையான அதிகாரம் கட்சியின் முதல் செயலாளரிடம்தான். எந்த ஆலைக்கு யார் இயக்குநர், எந்த மாவட்டத்துக்கு யார் செயலாளர், எந்தப் பத்திரிகைக்கு யார் ஆசிரியர் என்று எல்லா நியமனமும் கட்சி அலுவலகத்தின் பட்டியல் வழியாகவே போகும். நொமென்கிளத்தூரா என்று அந்தப் பட்டியல் முறைக்குப் பெயர்.

தேர்தல் உண்டு, பெயருக்கு. பெலாரஸ் மத்தியக் குழு கூடும், மாஸ்கோவிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார், பெயர் முன்மொழியப்படும், கைகள் உயரும். அந்தப் பெயர் மாஸ்கோவில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

ஸ்லியுன்கோவ் வந்ததை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். 1956 முதல் 1980 வரை பெலாரஸை ஆண்ட இருவரும் போர்க்காலத் தலைமறைவுப் படையினர். கிரில் மசூரவ், அப்புறம் 1965 முதல் பியோத்தர் மாஷெரவ். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது காட்டுக்குள் இருந்து போராடியவர்கள், ஒருவரை ஒருவர் அந்த நாட்களிலிருந்தே அறிந்தவர்கள். அந்த உறவுதான் கட்சிக்குள் அவர்களுடைய பலம்.

ஸ்லியுன்கோவ் அந்த வட்டத்தில் இல்லை. போர் முடியும்போது அவருக்கு 16 வயது. அவருடைய ஆட்கள் மின்ஸ்கின் பெரிய ஆலைகளிலிருந்து வந்தவர்கள். வியாச்செஸ்லாவ் கேபிச்சைச் சொல்லலாம். கீரவ் இயந்திரக் கருவி ஆலையின் இயக்குநராக இருந்து நகரக் கட்சிக்கு வந்து, 1985-இல் பெலாரஸின் திட்டக்குழுத் தலைவர் ஆனவர். 1983-க்குப் பின் இந்த ஆலைக்காரர்கள்தான் மேலே வந்தார்கள். அரசியலைவிட உற்பத்தி அட்டவணை நன்றாகத் தெரிந்த தலைமுறை.

---

பழைய தோழர் எழுதியது:

வைகைக்கரை அவர்களே, பதவி உயர்வுக்கும் செர்னோபிலுக்கும் நீங்கள் போடும் முடிச்சு எனக்கு உடன்பாடில்லை. கோர்பச்சேவ் அவரை எதற்காக அழைத்தார் என்று பாருங்கள்.

1983 ஜூலையில், அப்போதைய சோவியத் தலைவர் அந்திரோப்பவின் அரசு ஒரு பெரிய பொருளாதாரப் பரிசோதனையை அறிவித்தது. ஆலைகளுக்கு மேலிருந்து வரும் கட்டளைகளைக் குறைத்து, செய்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகையை ஆலையே முடிவு செய்ய விடுவது. 1984 ஜனவரியில் தொடங்கியபோது ஒன்றியம் முழுவதிலும் ஐந்து அமைச்சகங்கள்தான் அதில். அவற்றில் ஒன்று பெலாரஸின் இலகுத் தொழில் அமைச்சகம். பெலாரஸ் ரயில்வேயில் 1985-86-இல் நடந்த பரிசோதனை இன்னும் பேசப்பட்டது. ஏறத்தாழ 12,000 பேரை வேலையிலிருந்து விடுவித்து, மிச்சமான சம்பளப் பணத்தை இருப்பவர்களுக்குப் பகிர்ந்தார்கள். மற்ற ரயில்வேக்களும் அந்த வழிக்கு வந்தன.

சீர்திருத்தத்துக்கு ஆள் தேடிய கோர்பச்சேவுக்கு இப்படி ஒரு குடியரசை நடத்தியவர் கண்ணில் படுவது இயல்பு. 1986 மார்ச் 6-இல், செர்னோபிலுக்கு ஏழு வாரம் முன்பே, அவரைப் பொலிட்பீரோவின் வேட்பு உறுப்பினர் (வாக்குரிமை இல்லாத உறுப்பினர்) ஆக்கிவிட்டார்கள். ஏறுமுகம் அப்போதே தொடங்கியாகிவிட்டது.

அணு விஷயத்தில் ஒரு குடியரசுத் தலைவருக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பதையும் யோசியுங்கள். அணுமின் நிலையம் ஒன்றிய அமைச்சகத்தின் கையில். கதிர்வீச்சு அளவு பற்றிய தகவல் யூரி இஸ்ரயேல் தலைமையிலான ஒன்றிய வானிலைக் குழுவின் கையில். கதிர்வீச்சு மருத்துவம், சுகாதார அமைச்சகத்தின் இரகசியத் துறையின் கையில். எதை வெளியே சொல்லலாம் என்பது மாஸ்கோவின் முடிவு. விபத்து பற்றி டாஸ் செய்தி நிறுவனம் சில வரி சொன்னதே 28-ஆம் தேதி இரவு, அதுவும் ஸ்வீடன் கண்டுபிடித்த பிறகு. மின்ஸ்கில் உட்கார்ந்திருப்பவர் தன்னிச்சையாக வானொலியில் போய் அறிவிக்க முடியுமா?

---

வைகைக்கரை எழுதியது:

பழைய தோழர் ஐயா, அறிவிக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். அறிவிக்காமலே செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அயோடின்.

உலையிலிருந்து வந்தவற்றில் முதல் வாரங்களில் மிக ஆபத்தானது அயோடின்-131. அரை ஆயுள் எட்டு நாள், அதாவது எட்டு நாளில் பாதியாகிவிடும். புல்லில் படியும், மாடு மேயும், பாலில் வரும், அந்தப் பாலைக் குடிக்கிற குழந்தையின் தைராய்டில் போய்ச் சேரும். பெலாரஸின் தெற்கே பலேசியா மண்ணில் இயற்கையாகவே அயோடின் குறைவு. அதனால் அங்கிருந்த குழந்தைகளின் தைராய்டு கிடைத்த அயோடினை எல்லாம் ஆவலாக இழுத்துக்கொண்டது. சாதாரணப் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையை உடனே கொடுத்து, உள்ளூர்ப் பாலை நிறுத்தியிருந்தால் பெரும்பங்கைத் தடுத்திருக்கலாம். நாள் தள்ளிப்போகப் போக மாத்திரையால் பயன் இல்லை.

இதை ஸ்லியுன்கோவிடம் நேரில் சொன்ன ஒருவர் இருக்கிறார். வசீலி நெஸ்தெரென்கோ, பெலாரஸ் அறிவியல் கழகத்தின் அணுசக்தி நிறுவன இயக்குநர். எதிர்ப்பாளர் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஆள் கிடையாது. 'பமீர்' என்ற நடமாடும் அணு உலையை இராணுவத்துக்காக வடிவமைத்தவர், அமைப்பின் முழு நம்பிக்கைக்கும் உரியவர்.

அவர் பிற்பாடு சொன்னது இது. ஏப்ரல் 28-இல் மாஸ்கோவில் இருந்தபோது செய்தி தெரிந்து, ஸ்லியுன்கோவைத் தொலைபேசியில் பிடித்து விபத்தின் அளவைச் சொல்லியிருக்கிறார். தீயை அணைத்துவிட்டதாக ஏற்கெனவே தகவல் வந்திருக்கிறது என்று பதில் வந்ததாம். மறுநாள் காலையிலேயே மின்ஸ்கில் முதல் செயலாளர் அலுவலக வரவேற்பறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம்வரை உள்ளே கூப்பிடவில்லை. ஒருவழியாக உள்ளே போய் அயோடின் கொடுக்க வேண்டும், மக்களை வெளியேற்ற வேண்டும் என்று சொன்னபோது, மாஸ்கோ நிபுணர்களிடம் கேட்டாகிவிட்டது, ஆபத்து இல்லை என்கிறார்கள் என்ற தொனியில் பதில். நெஸ்தெரென்கோவின் ஆட்கள் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு நகரத்தில் அலைந்து பீதி கிளப்புவதாகக் குறையும் சேர்ந்துகொண்டது.

அந்த ஒரு பகலை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. குடியரசிலேயே அணு உலை பற்றி அதிகம் தெரிந்தவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், எட்டு நாள் அரை ஆயுளில் ஒரு முழுப் பகல் போகிறது.

மே 1 ஊர்வலம் மின்ஸ்கிலும் கோமெலிலும் வழக்கம்போல நடந்தது. பெலாரஸ் பக்கத்து எல்லைக் கிராமங்களை மே முதல் வாரத்தில்தான் காலி செய்ய ஆரம்பித்தார்கள். 1986-க்குள் 107 ஊர்களிலிருந்து 24,700 பேர். நெஸ்தெரென்கோ 1987-இல் இயக்குநர் பதவியை இழந்தார். அதே ஆண்டில் ஸ்லியுன்கோவ் பொலிட்பீரோவில்.

---

பழைய தோழர் எழுதியது:

நெஸ்தெரென்கோ சொன்னது ஒரு தரப்பு. அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எதிரில் இருந்தவர் தன் தரப்பை அவ்வளவு விரிவாகப் பொதுவில் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று. உக்ரைனில் கட்சித் தலைவராக ஷெர்பித்ஸ்கி இருந்தார். ஸ்லியுன்கோவைவிடப் பல மடங்கு செல்வாக்கு, 1971 முதல் பொலிட்பீரோ முழு உறுப்பினர். அவராலேயே கியேவின் மே தின ஊர்வலத்தை நிறுத்த முடியவில்லை. வேட்பு உறுப்பினராகி இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவர் மாஸ்கோவை எதிர்த்து நின்றிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மாஷெரவ் உயிரோடு இருந்திருந்தால் கதையே வேறு. இதை பெலாரஸ் மக்களே சொல்வார்கள்.

---

கேள்விக்குறி எழுதியது:

மாஷெரவ் யார், ஏன் அவரைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது விளக்க முடியுமா?

---

நூலகப்பூனை எழுதியது:

பியோத்தர் மாஷெரவ், 1918-இல் பிறந்தவர். வீதெப்ஸ்கில் படித்துவிட்டு ரசோனி என்ற சிற்றூரில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். அப்பாவை 1937-இல் கைது செய்தார்கள், முகாமிலேயே இறந்தார். போர் வந்ததும் மாஷெரவ் தலைமறைவுக் குழு அமைத்தார். அவருடைய அம்மாவை ஜெர்மானியர் 1942-இல் சுட்டுக் கொன்றார்கள். திரிஸ்ஸா ஆற்று ரயில் பாலத்தைத் தகர்த்த படை அவருடையது. 1944-இல் சோவியத் வீரர் பட்டம்.

1965 முதல் பதினைந்து ஆண்டு பெலாரஸின் முதல் செயலாளர். ஹெலிகாப்டரில் போய் வயலில் இறங்கிக் கூட்டுப்பண்ணைக்காரர்களிடம் பேசுவார். கத்தீன் நினைவிடமும் பிரெஸ்ட் கோட்டை நினைவிடமும் அவர் காலத்தில் எழுந்தவை. 1980 அக்டோபர் 4-இல் ஸ்மலெவிச்சி அருகே நெடுஞ்சாலையில் உருளைக்கிழங்கு ஏற்றி வந்த டிப்பர் லாரியில் அவருடைய கார் மோதியது. அவர், ஓட்டுநர், மெய்க்காவலர் மூவரும் இறந்தார்கள். கொட்டும் மழையில் இறுதி ஊர்வலம். மின்ஸ்கில் பெருங்கூட்டம், மாஸ்கோவிலிருந்து ப்ரெஷ்னேவ் வரவில்லை. அவரைப் பிரதமராக மாஸ்கோவுக்கு அழைக்க இருந்தார்கள், அதனால் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பேச்சு உலவுகிறது. விசாரணையில் விபத்து என்றே முடிவானது. லாரி ஓட்டுநருக்குப் பதினைந்து ஆண்டு தண்டனை, சில ஆண்டிலேயே விடுதலை ஆனார்.

---

வைகைக்கரை எழுதியது:

மாஷெரவ் மேல் அந்த மக்களுக்கு உள்ள அன்பு உண்மையானது, அதைக் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் "அவர் இருந்திருந்தால்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

பலேசியாவின் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் மாபெரும் திட்டம் 1966-க்குப் பின் மாஷெரவ் ஆட்சியில்தான் வேகம் பிடித்தது. அங்கே கிடைத்தது கரிச்சதுப்பு மண், அதாவது மக்கிய தாவரங்கள் சேர்ந்த பீட் மண். களிமண்ணில் சீசியம் விழுந்தால் மண் துகள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரிச்சதுப்பு மண் அப்படிப் பிடித்துவைப்பதில்லை, வேர் வழியாகப் புல்லுக்கும் அங்கிருந்து பாலுக்கும் எளிதாகப் போய்விடும். தரையில் ஒரே அளவு படிந்த இரண்டு ஊர்களில் பலேசியா ஊரின் பால் மோசமாக இருப்பது இதனால்தான். 1966-இல் யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தத் திட்டத்தை எதிர்த்த இயற்கை ஆர்வலர்களின் குரல் அப்போதும் எடுபடவில்லை. மேலே ஹெக்டேர் கணக்கு போக வேண்டும், அது போனது.

ஸ்லியுன்கோவ் காலத்தில் 1983 வாக்கில் மின்ஸ்க் அருகே ருட்சென்ஸ்க் பக்கம் ஒரு அணு அனல்மின் நிலையம் கட்ட ஆரம்பித்தார்கள், தலைநகருக்கு வெந்நீரும் மின்சாரமும் தர. செர்னோபிலுக்கு அப்புறம் அதைக் கைவிட்டுச் சாதாரண எரிபொருள் நிலையமாக மாற்றினார்கள். குடியரசின் தலைமைக்கு அணு என்பது எங்கோ இருந்த விஷயம் இல்லை, தன் வீட்டுவாசலிலேயே கட்டிக்கொண்டிருந்த ஒன்று. அதனால் "தெரியாது" என்ற வாதம் எனக்குப் போதவில்லை.

---

கோமெல் மாணவி எழுதியது:

நான் கோமெல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். இலங்கை, தமிழ்நாடு இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அந்தக் கல்லூரி 1990-இல் ஆரம்பிக்கப்பட்டதே செர்னோபிலால்தான். விபத்துக்குப் பின் அந்த மாகாணத்துக்கு மருத்துவர்கள் வரத் தயங்கினார்கள், உள்ளூரிலேயே உருவாக்க வேண்டியிருந்தது.

கோமெல் சந்தையில் காளானும் காட்டு நாவல்பழம் போன்ற ஒரு கருநீலப் பழமும் விற்கிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சந்தைக்குள்ளேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருக்கும். அங்கே கொடுத்து அளந்து, சீட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் விற்க வேண்டும். வாங்க வருகிறவர்களில் வயதானவர்கள் சிலர் விலை கேட்கும் முன்பு எந்தக் காட்டில் பறித்தது என்று கேட்பார்கள். காட்டுக்குப் போகும் பாதைகளில் கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிலை அடையாளத்தோடு எச்சரிக்கைப் பலகை. என்னோடு படித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு மெல்லிய கோடு போன்ற தழும்பு இருந்தது. தைராய்டு அறுவைசிகிச்சை செய்த தழும்பு அது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன், அவர்கள் அதை மறைப்பதும் இல்லை.

குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் கூடுகிறது என்று பெலாரஸ் மருத்துவர்கள் 1992-இல் உலகத்துக்குச் சொன்னபோது வெளிநாட்டு நிபுணர்களில் பலர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு சீக்கிரம் வராது என்றார்கள். பிறகு எண்ணிக்கையே பேசியது. எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்களுக்கு அதில் ஆழமான வருத்தம் இருந்தது.

ஸ்லியுன்கோவ் என்ற பெயரை அங்கே ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. அப்போதைய தலைவர்களைப் பொதுவாக "அவர்கள் சொல்லவில்லை" என்பார்கள், அவ்வளவுதான். இன்றுதான் அந்த "அவர்கள்" யார் என்று படிக்கிறேன். வைகைக்கரை அண்ணாவுக்கு நன்றி.

---

நூலகப்பூனை எழுதியது:

மாணவி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உலையைச் சுற்றிய 30 கிலோமீட்டர் வட்டம் மட்டும்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். மழை பெய்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக விழுந்தது. உலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் மகிலியோவ் மாகாணத்தின் செரிக்கவ், கிராஸ்னபோல்யே மாவட்டங்களில் வட்டத்துக்குள் இருந்ததைப் போன்ற மோசமான ஊர்கள் இருந்தன. அந்த மக்களில் பலர் அங்கேயே விதைத்து, பால் கறந்து, குழந்தை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கதிரியக்கம் படிந்த இடங்களின் விரிவான வரைபடம் பத்திரிகையில் வந்தது 1989 பிப்ரவரியில். பெரிய அளவு குடிபெயர்ப்புத் திட்டம் அதே ஆண்டு இறுதியில்.

இடையில் மூன்று ஆண்டு. இதில் முதல் ஒன்பது மாதத்துக்கு ஸ்லியுன்கோவும், மிச்சத்துக்கு அவருக்குப் பின் வந்த எஃப்ரேம் சக்கலோவும் பொறுப்பு. எழுத்தாளர் அலெஸ் அதமோவிச் 1986 ஜூன் 1-ஆம் தேதியே கோர்பச்சேவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். மின்ஸ்கில் சொல்லிப் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டதால்தான் மாஸ்கோவுக்கு எழுதியிருப்பார் என்பது என் ஊகம்.

---

ரயிலடி எழுதியது:

தாமதமாக வருகிறேன். மாஸ்கோ போன பிறகு என்ன செய்தார் என்பதை யாரும் தொடவில்லையே. அங்கேதான் எனக்கு இவரைப் பற்றிய ஆர்வமே தொடங்கியது.

மத்தியக் குழுவின் பொருளாதாரத் துறைக்குத் தலைவர் ஆனார். 1987 ஜூன் கூட்டத்தில் பொருளாதார நிர்வாகத்தை அடியோடு மாற்றும் திட்டம் வந்ததே, அதைத் தயாரித்தவர்களில் ஒருவர். அரசு நிறுவனச் சட்டம் 1988 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆலைகள் சம்பளத்தைத் தாங்களே கூட்டிக்கொள்ளலாம், ஆனால் விலையும் மூலப்பொருளும் பழையபடி மேலிருந்துதான். கையில் பணம் கூடியது, கடையில் சரக்குக் கூடவில்லை. பெலாரஸ் ரயில்வேயில் 12,000 பேரைக் குறைத்துச் சம்பளம் ஏற்றியபோது எண்ணிக்கை கட்டுப்பாட்டில் இருந்தது. ஒன்றியம் முழுக்க விட்டபோது கட்டுப்படுத்த ஆள் இல்லை. சின்ன இடத்தில் நடந்ததைப் பெரிய இடத்தில் நடத்தும்போது வரும் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் சரக்குத் தட்டுப்பாடு 1989 ஜூலையில் அவர் கண்முன்னே வந்து நின்றது. ஜூலை 10-இல் சைபீரியாவின் மெஜ்துரேச்சென்ஸ்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் குஸ்பாஸ் என்ற அந்த நிலக்கரி வட்டாரம் முழுவதும் பரவியது. அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று சோப்பு. கரிக்குழியிலிருந்து மேலே வந்தால் குளிக்கச் சோப்பு இல்லை. பேச்சுவார்த்தைக்கு மாஸ்கோ அனுப்பிய குழுவின் தலைவர் ஸ்லியுன்கோவ்.

பிரகோபியெவ்ஸ்க் நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் தலைக்கவசத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைநிறுத்தக் குழுத் தலைவர் தெய்முராஸ் அவலியானி. பொலிட்பீரோ உறுப்பினர் ஒருவர் வேலைநிறுத்தம் செய்கிறவர்களோடு மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவது அந்த நாட்டுக்குப் புதிது. ஆகஸ்ட் 3-இல் அமைச்சரவையின் 608-ஆம் தீர்மானமாக அது வெளிவந்தது. அதில் பெரும்பாலானவை காகிதத்திலேயே நின்றுபோனதால்தான் 1991-இல் சுரங்கங்கள் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்கின. அந்த முறை கேட்டது கோர்பச்சேவின் ராஜினாமா.

---

பழைய தோழர் எழுதியது:

ரயிலடி, இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். அங்கே போய் நேருக்கு நேர் நின்றார், படையை அனுப்பச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார். ஆலைத் தளத்திலிருந்து வந்தவருக்குத் தொழிலாளியிடம் பேசத் தெரிந்திருந்தது.

---

வைகைக்கரை எழுதியது:

ஐயா, அந்த அம்சத்தை நானும் மனதார ஏற்கிறேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 1989-இல் தொழிலாளர்கள் சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள், நிலக்கரி நின்றது, அதனால் அவர் போனார். 1986-இல் கோமெல் மாகாணத்தின் பிராகின், கொய்னிக்கி, நரோவ்ல்யா பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு உட்கார ஒரு சதுக்கமும் இல்லை. என்ன விழுந்தது என்று தெரிந்தால்தானே உட்காருவார்கள்? ஒரே மனிதர், மூன்று ஆண்டு இடைவெளி. மாறியது அவர் மனசு என்று நான் நினைக்கவில்லை, எதிரில் இருந்தவர்களின் பலம்.

---

கேள்விக்குறி எழுதியது:

கடைசியாக இரண்டு கேள்வி. செர்னோபிலுக்காக யாருமே தண்டிக்கப்படவில்லையா? ஸ்லியுன்கோவ் பிறகு என்ன ஆனார்?

---

நூலகப்பூனை எழுதியது:

தண்டிக்கப்பட்டார்கள். 1987 ஜூலை 7-இல் செர்னோபில் ஊரிலேயே வழக்கு தொடங்கியது. நிலைய இயக்குநர் விக்தர் பிரியுகானவ், தலைமைப் பொறியாளர் நிக்கலாய் ஃபமீன், துணைத் தலைமைப் பொறியாளர் அனதோலி தியாத்லவ் மூவருக்கும் தலா பத்து ஆண்டு. ஸ்லியுன்கோவ் பொலிட்பீரோவின் முழு உறுப்பினராகி அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிரியுகானவ் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, கதிர்வீச்சு அளவை மேலே குறைத்துச் சொன்னார், மக்களைக் காக்க உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்பது. நிலைய இயக்குநர் என்ற மட்டத்தில் அது குற்றம். அதற்கு மேல் மட்டத்தில் இருந்தவர்கள் மீது அந்த நீதிமன்றத்தில் வழக்கே இல்லை.

ஸ்லியுன்கோவ் 1990 ஜூலையில், கட்சியின் 28-ஆவது மாநாட்டோடு பொலிட்பீரோவிலிருந்து விலகி ஓய்வுக்குப் போனார். 2022 ஆகஸ்ட் 9-இல் இறந்தார், 93 வயது.

அவர் வளர்த்த ஆலைக்காரர் வட்டம் அதற்குள் மின்ஸ்கில் தனியாக நிற்கப் பழகிவிட்டது. சக்கலோவுக்கு அவர்கள் அளவு பிடிப்பு இல்லை. 1988-இல் குரபாத்தி காட்டில் ஸ்டாலின் காலப் புதைகுழிகள் வெளியே வந்தன. அந்த அக்டோபரில் முன்னோர் நினைவு நாளுக்குக் கூடியவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மறுவருடம் பெலாரஸ் மக்கள் முன்னணி என்ற எதிர்ப்பு இயக்கம் தன் முதல் மாநாட்டை மின்ஸ்கில் நடத்த முடியாமல் பக்கத்துக் குடியரசின் வில்னியூசில் நடத்தியது. 1991 ஏப்ரலில் விலை ஏறியபோது மின்ஸ்க் ஆலைகளின் தொழிலாளர்களே தெருவுக்கு வந்தார்கள், லெனின் சதுக்கம் நிரம்பியது. ஆகஸ்டில் மாஸ்கோவில் கோர்பச்சேவுக்கு எதிராக நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை ஆதரித்த பெலாரஸ் கட்சித் தலைமை, அது தோற்றதும் ஒரே வாரத்தில் முடக்கப்பட்டது.

கேபிச் மட்டும் பிரதமர் நாற்காலியில் இருந்தார். 1991 டிசம்பர் 8-இல் பெலவேஷா காட்டு மாளிகையில் சோவியத் ஒன்றியத்தைக் கலைக்கும் ஒப்பந்தத்தில் பெலாரஸுக்காகப் போட்ட இரண்டு கையெழுத்தில் ஒன்று அவருடையது. இன்னொன்று இயற்பியல் பேராசிரியர் ஸ்தனிஸ்லாவ் ஷுஷ்கேவிச்சுடையது. செர்னோபில் தகவல்களை மறைத்ததைக் கண்டித்துப் பேசித்தான் ஷுஷ்கேவிச் அரசியலுக்கு வந்தார்.

---

கோமெல் மாணவி எழுதியது:

அந்த ஷுஷ்கேவிச் பற்றித் தனி இழை தொடங்குங்களேன். என் பேராசிரியர்களில் சிலருக்கு அவரை நேரில் தெரியும், கேட்டு எழுதுகிறேன்.